பத்துப் பேருக்கான குப்பி

போன மாதம் போர்ட் பிளேரில் ஒரு பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களைத் தடுப்பூசிக்கு எப்படி வரவழைப்பது என்பதுதான் விஷயம். ஏசி அறை, சமோசா, காகிதக் கோப்பையில் டீ. மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த இளம் டாக்டர் ஒருவர் திரையில் ஒரு வட்டத்தைக் காட்டினார். வட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு காரணம் எழுதியிருந்தது. பயம். வதந்தி. எனக்கு எதற்கு என்கிற எண்ணம். கூட்டி வர ஆளில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய துண்டுக்குச் சிவப்பு நிறம் கொடுத்திருந்தார்கள். அதில் எழுதியிருந்தது, ‘மறுத்தவர்கள்’.

இந்த விவரமெல்லாம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன்.

“ஆப் லோகோங் கே ரெஜிஸ்டர் ஸே ஹி, சிஸ்டர்” என்றார் டாக்டர். உங்கள் பதிவேடுகளிலிருந்துதான் என்று சிரித்தபடி சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார்.

எங்கள் துறையில் என்னை முதுகுக்குப் பின்னால் ‘மிர்ச்சி சிஸ்டர்’ என்று சொல்வார்கள். கூட்டம் என்று ஒன்று நடந்தால் நான் எழுந்து நின்று இரண்டு பேரையாவது சூடாக்காமல் உட்கார மாட்டேன். அன்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த மலையாளி சிஸ்டர் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். தலைவலி என்றேன். அந்தச் சிவப்புத் துண்டுக்குள் எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். அவர் மறுக்கவே இல்லை. அவரை அங்கே எழுதி வைத்தது என் கை.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் படகிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

என் அப்பா ராமநாதபுரத்திலிருந்து பொதுப்பணித் துறை வேலைக்கு இந்தத் தீவுக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது பாம்பூஃப்ளாட்டில். நர்ஸ் பயிற்சி எடுத்த காலத்தில் தினமும் காலை ஏழு மணிப் படகில் எதிர்க்கரையில் இருக்கும் சாத்தத்துக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். நேரத்துக்குக் கிளம்பும் பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஜெட்டி என்கிற படகுத்துறையில் நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வரும்போது, படகின் பின்பக்கம் கயிற்றுப் பொறுப்பில் இருந்தவர் கையை ஆட்டிக் கூப்பிடுவார்.

“ஓடியா தாயி, ஓடியா!”

மேலேயிருந்து படகை ஓட்டும் சேரங்கு கயிற்றை விடச் சொல்லிக் கத்துவார். “அரே, ரஸ்ஸி சோடோ!”

இவர் குனிந்து கயிற்றோடு மல்லுக்கட்டுகிற மாதிரி ஒரு நடிப்பு நடிப்பார். “ரஸ்ஸி ஃபஸ் கயா சாப்!” கயிறு சிக்கிக்கொண்டதாம். நான் ஏறிய மறு நொடி சிக்கல் தானாக அவிழ்ந்துவிடும். படகு நிறைய ஆபீஸ் போகிறவர்கள் நின்றிருப்பார்கள். அவர்கள் என்னை முறைப்பார்கள். அவர் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருப்பார். எனக்கு மட்டும் செய்தார் என்று இல்லை. ஓடி வருகிற யாருக்கும் செய்வார். அவர் வேலையில் இருந்தவரைக்கும் அந்தப் படகில் கயிறு அடிக்கடி சிக்கும்.

அவரும் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரர் என்று தெரிந்த பிறகு அவர் எனக்கு அண்ணன் ஆனார், அவர் மனைவி மதினி ஆனார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் கல்யாணமாகிப் போர்ட் பிளேருக்குப் போனேன். அவர் ஓய்வு பெற்று, பாம்பூஃப்ளாட்டிலிருந்து உள்ளே போகிற சாலையில் கொஞ்சம் பாக்கு மரங்களோடு ஒரு வீடு கட்டிக்கொண்டார். பல வருஷம் கழித்து அதே சாலையில் இருந்த துணைச் சுகாதார நிலையத்துக்கு என்னை மாற்றினார்கள். பிரஷர் மாத்திரைக்கு மாதம் ஒரு தடவை வருவார். “இப்பயாச்சும் நேரத்துக்கு வாறியா தாயி?” என்று எல்லார் முன்னாலும் கேட்டு மானத்தை வாங்குவார்.

கொரோனா வந்தது. மறு வருஷம் ஊசியும் வந்தது. என் எல்லைக்குள் இருந்த அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் பட்டியலை என்னிடம் கொடுத்து, ஒருவர் விடாமல் போட வேண்டும் என்றார்கள்.

வயதானவர்கள் ஏன் ஊசி போட வருகிறார்கள், ஏன் வருவதில்லை என்று என்னிடம் கேட்டால், அந்த வட்டப் படத்தில் இல்லாத காரணங்களை நாள் முழுக்கச் சொல்வேன். ஒரு வங்காளி அம்மாள் வந்ததற்குக் காரணம், ஊசி போடாதவர்களுக்கு டீ கிடையாது என்று டீக்கடைக்காரர் விளையாட்டாகச் சொன்னது. ஒரு தெலுங்குப் பெரியவர் வராததற்குக் காரணம், முதல் நாள் ஊசி போட்ட அவருடைய சம்பந்திக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. சம்பந்திக்கே அப்படியென்றால் தனக்கு என்ன ஆகும் என்று கேட்டார். இருவருக்கும் வைரஸைப் பற்றி நான் ஒரே பாடத்தைத்தான் நடத்தினேன். பாடத்தை இருவருமே கேட்கவில்லை.

அப்போது நாங்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தோம். ஊசி போட்டால்தான் கப்பல் டிக்கெட், விமான டிக்கெட் என்று சொல்ல ஆரம்பித்தோம். அப்படி ஓர் உத்தரவு அப்போது வந்திருந்ததா என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. மெயின்லேண்ட் போகும் வழி அடைபடும் என்றால் தீவுக்காரன் எதற்கும் சம்மதிப்பான். அதனால் சொன்னோம். வேலை நடந்தது. மகள் கல்யாணம், ஊர்க் கோயில் கொடை, வேலூரில் கண் ஆபரேஷன் என்று எதையாவது மனதில் வைத்திருந்தவர்கள் வரிசையில் வந்து நின்றார்கள். எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

அண்ணன் வீட்டுக்கு முதல் தடவை போனபோதுதான் அந்தச் சாமர்த்தியம் என் முகத்தில் அடித்தது.

“எனக்கு என்னத்துக்கு தாயி?” என்றார். பாக்கு உரித்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார். “நான் என்ன மெயின்லேண்ட் போகப் போறனா? அங்கிட்டு எனக்கு யாரு இருக்கா? டிக்கெட் எடுக்குறவனுக்குப் போடு.”

“அது டிக்கெட்டுக்கு இல்லண்ணே. உங்க உசுருக்கு.”

“நீதான ஜெட்டில நின்னு எல்லார்ட்டயும் டிக்கெட்டுக்குன்னு சொன்ன?”

எங்கேயும் போகாத கிழவருக்கு ஊசி தேவையில்லை என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். இன்னும் எத்தனை வீடுகளில் இதைச் சொல்லாமல் சொல்லி வைத்திருக்கிறேனோ என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன்.

இரண்டாவது தடவை போனபோது மதினி தடுத்தார். அவருக்கு முழங்கால் வலி. கிணற்றிலிருந்து தண்ணீர் எடுப்பது, கடைக்குப் போவது எல்லாம் அண்ணன்தான். ரெண்டு நாள் காய்ச்சலென்று இவர் படுத்துவிட்டால் வீட்டில் ஒன்றும் நடக்காது என்றார். அது பயமில்லை, வதந்தியுமில்லை. வீட்டுக் கணக்கைத் தெரிந்த ஒரு பெண்ணின் சரியான கேள்வி. காய்ச்சல் வந்தால் நான் வந்து தண்ணீர் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். காய்ச்சல் மாத்திரை தருகிறேன் என்று சொன்னேன்.

மூன்றாவது தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். யூனிபார்ம் போடவில்லை. பட்டியலை எடுத்துப் போகவில்லை. மதினி கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்தேன். ஊசிப் பேச்சையே எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது மட்டும், “எனக்காக ஒரு தடவ வாங்கண்ணே” என்றேன்.

அவர் வாசல்வரைக்கும் கூட வந்தார்.

“சரி, நீ கேக்குறன்னு வாறேன். மொதல்ல நான் போட்டுக்கிடுறேன். ஒண்ணும் ஆகலன்னா ஒன் மதினியக் கூட்டியாறேன்.”

முப்பது வருஷத்துக்கு மேல் ஊசி போட்டு வருகிறேன். வயதானவர்களைப் பற்றி நான் உறுதியாகத் தெரிந்துகொண்டது இது ஒன்றுதான். அவர்கள் ஊசிக்கு வருவதில்லை. கேட்ட ஆளுக்காக வருகிறார்கள். கேட்ட ஆள் அங்கே சரியாக இருக்க வேண்டும்.

அவர் வந்த நாள் மழைக்கு முந்தின வெயில் காலத்தில் ஒரு வியாழக்கிழமை. அந்த நாளை நான் பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் என்னை ஒரு படி நல்லவளாக்கிச் சொல்லும் பழக்கம் இருந்தது. இங்கே உள்ளபடி சொல்கிறேன்.

அந்த ஊசி மருந்து ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு இருக்கும். திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் பத்தையும் போட்டு முடித்துவிட வேண்டும், மீதியைத் தூக்கிப் போட வேண்டும். அதனால் பத்துப் பேர் சேர்ந்த பிறகே குப்பியைத் திறப்போம். ஐந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தால், வெளியே போய்ச் சாலையில் போகிறவர்களை இழுத்து வருவேன். மாதாந்தரக் கூட்டத்தில் எந்த நிலையத்தில் எத்தனை ஊசி மருந்து வீணானது என்று வாசிப்பார்கள். என் நிலையத்தின் பெயருக்கு எதிரே ஒன்றும் வீணாகவில்லை என்று வாசித்தபோது கைதட்டினார்கள். கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. இந்த வயதிலும் பிடித்திருந்தது. மேலே இருந்தவர்கள் யாரையும் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. வீணாக்காதே என்று மட்டும்தான் சொன்னார்கள். மீதியை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

அன்று இரண்டு குப்பி போட்டு முடித்திருந்தோம். மூன்றாவது குப்பி திறக்காமல் பெட்டியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே இருந்தது. மூன்று மணிக்கு முகாம் முடிந்தது. நாற்காலிகளை அடுக்கிவிட்டு, பெட்டியை மூடிப் பெல்ட் போட்டுவிட்டேன். மூன்று பத்துக்கு அண்ணன் படியேறி வந்தார்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தலையில் எண்ணெய் வைத்து வாரியிருந்தார். ஆதார் அட்டையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தார். பஸ் கிடைக்காமல் நடந்தே வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“வந்துட்டேன் தாயி. இன்னைக்கு நாந்தான் லேட்டு.”

நான் பெட்டியைப் பார்த்தேன். பிறகு சுவரில் கடிகாரத்தைப் பார்த்தேன்.

லாக்டவுன் என்று படகுகளைக் குறைத்திருந்தார்கள். நாலு மணிப் படகை விட்டால் அடுத்தது ஆறு மணிக்கு. போர்ட் பிளேரில் என் வீட்டுத் தெருவில் அன்று தண்ணீர் வரும் நாள். வெயில் காலத்தில் குழாயில் தண்ணீர் தினமும் வராது. நாலரை மணிக்கு விட்டு அரை மணி நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். அந்த முறையைத் தவறவிட்டால் அடுத்த முறை வரைக்கும் டிரம்கள் காலிதான். வீட்டுக்காரர் கார் நிக்கோபார் தீவில் வேலையில் இருந்தார். மகள் சென்னையில் படித்துக்கொண்டிருந்தாள். டிரம் நிரப்ப என்னைத் தவிர ஆளில்லை. இதுதான் முழு உண்மை. குப்பி ஒரு காரணம். தண்ணீர் இன்னொரு காரணம். குப்பியைச் சொல்வது கௌரவமாக இருந்தது, அதைச் சொன்னேன்.

“அண்ணே, இத ஒடைச்சா பத்து பேருக்குப் போடணும். ஒருத்தருக்குன்னு தொறக்க முடியாது. மிச்சம் ஒம்போது பேரு மருந்து வேஸ்டாப் போயிரும். பத்து பேரு சேரட்டும், வாங்க.”

அவர் முகத்தில் வருத்தமில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. ஏதோ வேலை விஷயத்தைக் கேட்டுக்கொள்கிற மாதிரி தலையாட்டினார்.

“பத்து பேரு வேணுமா? அதானே பாத்தேன். சரி, நான் சேத்துக் கொண்டாறேன். எங்க தெருவுல இன்னும் போடாத ஆளுக இருக்காக.”

“திங்கக்கெழம முகாம் இருக்குண்ணே.”

“திங்கக்கெழம பத்து பேரோட வாறேன். நீ கெளம்பு தாயி, ஒனக்குப் படகு போயிரும்.”

கிளம்பினேன். அன்றும் ஓடித்தான் ஏறினேன். கயிற்றுப் பக்கம் நின்ற ஆள் யாரோ எனக்குத் தெரியாதவர். என்னைப் பார்த்துவிட்டுப் படகை ஒரு நிமிஷம் பிடித்து வைத்தார். ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கியபோது எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. டிரம்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் தண்ணீர் பிடித்து முடித்த பிறகு அன்றைய பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் மூன்று கட்டம். போட்டாயிற்று, வீட்டில் இல்லை, மறுத்துவிட்டார். அண்ணனை நான் மூன்று தடவை வீட்டுக்குப் போய்ப் பார்த்ததாக ஏற்கெனவே எழுதியிருந்தேன். ‘வீட்டில் இல்லை’ என்று எழுத முடியாது. ‘வந்தார், நாங்கள் திருப்பி அனுப்பினோம்’ என்பதற்குக் கட்டம் கிடையாது. எதையாவது நிரப்பாமல் அனுப்பினால் மறுநாள் காலையில் போன் வரும். மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டேன். திங்கட்கிழமை அவர் வந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை.

பத்துப் பேரைச் சேர்க்கக் கிளம்பிய கதையை மதினிதான் பிற்பாடு எனக்குச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலையிலேயே தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் ஒன்று முதல் பத்து வரை எண் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறார். நான் தெருத்தெருவாக ஒரு மாதம் சுற்றியும் அசையாத ஆட்களிடம் போய் மன்றாடியிருக்கிறார். “என் பேர மொதல்ல எழுதிட்டேன், ரெண்டாவது நீ வா” என்று கேட்டிருக்கிறார். சிலர் வீட்டில் இருமிக்கொண்டு படுத்திருந்தார்கள். அவர்களிடமும் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். ஓடி வருகிறவருக்குக் கயிற்றைப் பிடித்து நின்ற மனிதர். பத்துப் பேர் வேண்டும் என்று நான் சொன்னதை ஒரு சாக்கு என்று அவர் நினைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு உடம்பு காய்ந்தது. செவ்வாய்க்கிழமை மூச்சு வாங்கியது. புதன்கிழமை ஆம்புலன்ஸோடு படகில் ஏற்றி அந்தக் கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கவச உடையோடு நானும் கூட நின்றேன். முகக் கவசத்துக்கு மேல் அவர் கண் மட்டும் தெரிந்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியாது. அந்த உடையில் எல்லாரும் ஒரே மாதிரி இருப்போம். “அண்ணே, நாந்தான்” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்து நாள் இருந்தார். அதற்குப் பிறகு இல்லை.

வியாழக்கிழமை நான் ஊசி போட்டிருந்தாலும் அது வேலை செய்ய நாள் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். என் சினேகிதிகளும் அதைத்தான் சொல்லி என்னைத் தேற்றினார்கள். ஒரு ஊசி நாலு நாளில் யாரையும் காப்பாற்றாது என்பது மருத்துவப்படி சரிதான். ஆனால் ஊசி போட்டிருந்தால் அவர் வெள்ளிக்கிழமை காய்ச்சலோ கைவலியோ என்று வீட்டில் இருந்திருப்பார். இருமுகிற வீடுகளுக்குள் போய்ப் பேர் எழுதிக்கொண்டிருக்க மாட்டார். இந்தக் கணக்குக்கு யாரும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை, ஏனென்றால் நான் யாரிடமும் சொல்லவில்லை.

பட்டியலில் அந்த டிக் அப்படியே இருந்தது. மேலே போய்விட்ட அறிக்கையை மாற்ற வேண்டுமென்றால் காரணம் எழுதித் தர வேண்டும். காரணத்தை எழுத இரண்டு தடவை உட்கார்ந்தேன். இரண்டு தடவையும் எழுந்துவிட்டேன்.

மதினி ஊசி போட்டுக்கொள்ளவில்லை. முழங்காலோடு முகாமுக்கு வர முடியாது. கூட்டி வருவதாக இருந்தவர் போய்விட்டார். அந்தச் சாலையில் ஏறக்குறைய எல்லாரும் போட்டு முடித்துவிட்டார்கள். பத்துப் பேர் எங்கேயும் சேர்வதற்கு இல்லை. மழை வலுத்துப் பெய்துகொண்டிருந்த ஒரு மாதத்தில் நான் ஒரு முடிவெடுத்தேன். பெட்டியில் ஒரே ஒரு குப்பியை வைத்துக்கொண்டு, தோளில் மாட்டி, குடையைப் பிடித்து மதினி வீட்டுக்கு நடந்தேன். மெமோ வரும் என்று தெரியும். வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. பிற்பாடு வந்தது, வாங்கிக்கொண்டேன். ஒன்பது பேர் மருந்தை வீணாக்கியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். வயதானவர், நடக்க இயலாதவர் என்று இரண்டு வரி எழுதினேன். அதோடு விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். அவ்வளவு சுலபமாக முடிந்துபோனது எனக்கு மெமோவைவிட மோசமாக இருந்தது.

மதினி என்னைப் பார்த்ததும் அழவில்லை. உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த காலண்டர் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“ஒன்ட்டக் குடுக்கணும்னு வச்சிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கும் கேட்டாரு, தாள் பத்திரமான்னு. பத்து சேரலயேன்னு அவருக்கு ஒரே வெசனம்.”

ஒன்று என்று போட்டிருந்த இடத்தில் அவர் பெயர். இரண்டாவதில் மதினி பெயர். அதற்குக் கீழே ஐந்து பேர். படகில் சாமான் கணக்கு எழுதிப் பழகிய பெரிய பெரிய எழுத்து. எட்டு, ஒன்பது, பத்துக்கு எதிரே ஒன்றுமில்லை. கீழே இருந்த அந்த ஐந்து பேரும் அதற்குள் என்னிடம் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வந்து நின்றபோது என் பேச்சுக்குத்தான் வந்தார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பெயர்களை வேறொருவர் எழுதி வைத்திருந்தார்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்து, மூடியைப் பிரித்தேன். மதினி சேலைத் தலைப்பைத் தோளிலிருந்து ஒதுக்கிக்கொண்டு கையைக் காட்டினார். போட்டேன். பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். அவர் மேசைமேல் இருந்த குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து கொஞ்சம்தான் குறைந்திருந்தது.

“வேற ஆளு யாரும் வரலயா?” என்றார்.

“இல்ல மதினி. உங்களுக்கு மட்டுந்தான்.”

“பத்து பேரு வேணும்னாரே. ஒருத்திக்குன்னு தொறக்கலாமா இத?”

குத்திக்காட்டும் குரலில்லை அது. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல். நாற்பது வருஷம் கூட வாழ்ந்த மனிதர் சொன்னது தவறாக இருக்குமோ என்கிற சந்தேகம் மட்டும் அதில் இருந்தது. பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. இப்போது விதியை மாற்றிவிட்டார்கள் மதினி என்று சொன்னால் போதும். அவர் நம்பியிருப்பார்.

“தொறக்கலாம் மதினி” என்றேன்.

பஞ்சைப் பிடித்திருந்த அவருடைய விரல் அசையவில்லை.

“அன்னைக்குமா?”

“அன்னைக்கும்.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பது விதி, அதனால் என்னால் எழுந்து போக முடியாது. அவரும் என்னைப் போகச் சொல்லவில்லை. ஓட்டில் மழை விழுந்துகொண்டிருந்தது. குப்பியை எடுத்துப் பெட்டிக்குள் வைக்கவும் எனக்குத் தோன்றவில்லை, அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மேசைமேல் இருந்தது. ஜெட்டிப் பக்கமிருந்து நாலு மணிப் படகின் சங்கு கேட்டது.

“ஒன் படகு போகுது” என்றார் மதினி.

அரை மணி நேரம் முடிகிறவரைக்கும் அவர் பேசியது அவ்வளவுதான்.